குருவிப் படத்தின் அடிவரி

லிங்கராஜபுரத்துக் கத்தோலிக்கப் பங்குப் பள்ளிக்கு வரும் மெயிலைத் திறக்கும் பாஸ்வேர்ட், அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் டீச்சர் அல்போன்சாவுக்கு. தலைமையாசிரியை நோரா சிஸ்டருக்குத் திரையைப் பார்த்துப் படித்தால் தலை வலிக்கும். ஆகவே தினமும் முதல் மணி அடிக்கும் முன்பு அல்போன்சா மெயிலைத் திறந்து, வந்திருப்பதைத் தாளில் அச்செடுத்து, மாடிக்குக் கொண்டுபோய், சிஸ்டரின் மேசையில் இருக்கும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்துவிட்டு வருவாள். ஆறு வருடமாக அதுதான் வழக்கம். சீருடைத் துணிக்காரர்களின் விளம்பரம், பிஷப்பின் மேற்றிராசன அலுவலகத்தின் சுற்றறிக்கை, எப்போதாவது வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரின் வாழ்த்து. பயப்படும்படி அதில் எதுவும் வந்ததில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அப்படி ஒன்று வந்தது.

ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிதான். எழுதியவர் பெயர் சந்திரசேகரன். 'உங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் கையில் இருந்த கையேட்டைப் பேருந்தில் பார்த்தேன். அதன் அட்டையில் இருப்பது நான் எடுத்த படம். படத்தின் அடியில் என் பெயர் இருந்தது. அது வெட்டப்பட்டிருக்கிறது. உள்பக்கத்தில் வேறொரு பெயர் அச்சாகியிருக்கிறது. இதைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பேச வேண்டும். பதில் வராவிட்டால் நேரில் வருவேன்.'

அல்போன்சா வழக்கம் போல அச்செடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டாள். கை பழக்கத்தில் செய்த வேலை. தாள் கரகரவென்று வெளியே வந்து விழுந்த பிறகுதான் எதை அச்செடுத்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. தாளை எடுத்தாள். நான்காக மடித்தாள். கைப்பைக்குள் இருந்த ஜெபப் புத்தகத்தின் நடுவே செருகினாள். மணி அடித்தது. அன்று சிஸ்டரின் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் சீருடைத் துணிக்காரரின் விளம்பரம் மட்டும் போயிற்று.

நடந்தது இதுதான். ஏப்ரலில், புதிய கல்வியாண்டின் கையேட்டுக்கு அட்டை செய்யும் வேலையை சிஸ்டர் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த இளவேனில் இன்டர்நெட்டில் தேடி ஒரு படம் கொண்டுவந்தாள். ஒழுகும் தெருக்குழாய். அதன் வாயில் திரண்டு நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர். அந்தச் சொட்டை அண்ணாந்து குடிக்கும் ஒரு சிட்டுக்குருவி. பார்த்த எல்லாருக்கும் பிடித்துப்போனது. படத்தின் அடியில் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை, அதில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு வரி. "அட்டையில மாதா பேரும் பள்ளிக்கூடத்துப் பேரும் போதும். வேற எந்தப் பேரும் வேணாம்" என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அல்போன்சா அந்தப் பொடி வரியைப் படிக்கவில்லை. ஏதோ வெப்சைட்டின் விளம்பரம் என்று நினைத்தாள். படத்தை வெட்டுவது எப்படி என்று அதையே வைத்துப் பாடமும் நடத்திவிட்டாள். ஒரே திரையைச் சுற்றி நாற்பது தலைகள் நெருக்கியடித்து நிற்க, மவுஸைத் தன் கையாலேயே பிடித்து, "பாருங்க, தேவையில்லாததை இப்படி வெட்டி எடுத்துடலாம்" என்றாள். கறுப்புப் பட்டை போயிற்று. கையேட்டின் உள்பக்கத்தில் 'அட்டை வடிவமைப்பு: இளவேனில்' என்று அச்சாயிற்று. ஆயிரத்து நூறு பிரதிகள்.

தேவையில்லாதது. அந்தச் சொல் திங்கட்கிழமை முழுவதும் அவள் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாத லேபில் உட்கார்ந்து, காப்புரிமைச் சட்டம் என்று தேடினாள். நிறைய வந்தது. அவள் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரி: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டாள்.

அவள் இன்னும் தற்காலிக டீச்சர்தான். ஒவ்வொரு மே மாதமும் வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி கூப்பிடுவார்கள். இந்த வருடம் அவளை நிரந்தரமாக்கும்படி சிஸ்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தாளாளர் ஃபாதர் ரெமிஜியஸ் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போன வருடம் இதே ஃபாதர், வினாத்தாளில் ஒரு தப்பு விட்டதற்காக ஒரு டீச்சரை மறுபடி கூப்பிடவே இல்லை.

சாயங்காலம் வீட்டில், கணவன் ஓஸ்வால்டிடம் சொன்னாள். அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் அவனுக்கு வேலை. இரண்டு பஸ் மாறி வந்த களைப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவன், முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"சிட்டுக்குருவிக்கு வக்கீல் வெச்சுட்டானா?"

"விளையாடாதீங்க. ஜெயில்னு போட்டிருக்கு."

"ஒரு குருவிக்கா? போடி. அந்த மெயிலை உன்னைத் தவிர யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல."

"அப்ப ஒரு பட்டனை அமுக்கு. போச்சு. வரவே இல்லைன்னு சொல்லு. மெயிலு என்ன ரிஜிஸ்டர் தபாலா, கையெழுத்துப் போட்டு வாங்கறதுக்கு?"

அவன் கெட்டவன் இல்லை. அவளுடைய பயத்தைப் போக்க அவனுக்குத் தெரிந்த வழி அது. அவளுக்காக அவனே எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தான். அல்போன்சா டீயை வாங்கி வைத்துவிட்டு, மாலை ஜெபத்துக்காகப் புத்தகத்தைத் திறக்கப் போனாள். மடித்த தாள் பக்கங்களுக்கு நடுவே துருத்திக்கொண்டிருந்தது. திறக்காமலே மூடினாள். அன்று ஜெபம் வாயில்தான் வந்தது, நெஞ்சில் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் அந்த மெயிலை அழிக்கவும் இல்லை, மாடிக்குக் கொண்டுபோகவும் இல்லை. அழித்தால் பாவம். கொண்டுபோனால் வேலை போகும். இரண்டும் செய்யாமல் இருந்தால் ஒருநாள் கழியும். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. ஆபீஸில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் லேபில் பாடத்தை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். கேட்டில் ஏதாவது வண்டி நின்றால் ஜன்னலுக்கு ஓடினாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சூழல் பாடத்துக்கான புராஜெக்ட் நோட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். புலி, ஏரி, பனிமலை, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே மாதிரி, 'நன்றி: இன்டர்நெட்'. அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தவள் அவளேதான். எழுதியவர்களுக்கு இரண்டு மார்க் கூடப் போட்டிருக்கிறாள். இன்டர்நெட் என்று ஒரு ஆள் எங்கேயோ உட்கார்ந்து புலியையும் ஏரியையும் படம் பிடித்துக்கொண்டிருப்பது போல.

புதன்கிழமை காலை, ஆபீஸ் கிளார்க் வெங்கடராமன் லேப் வாசலில் வந்து நின்றார். கன்னடம் கலந்துதான் பேசுவார்.

"மிஸ், ஸ்வல்ப மேலே வாங்க. சிஸ்டர் கூப்பிடறாங்க. யாரோ ஒருத்தர் போன் பண்ணினார். போட்டோ விஷயமாம்."

மாடிப்படி பதினெட்டு. அன்று அவள் அதை எண்ணிக்கொண்டே ஏறினாள்.

நோரா சிஸ்டர் கையேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னதை மாற்றாதவர். "ஒரு மனுஷர் போன் பண்ணி, இது அவரோட படம்கிறார். பேரை வெட்டிட்டீங்கங்கிறார். இந்தப் படத்தை யாரு கொண்டுவந்தது?"

அல்போன்சா கையேட்டின் அட்டையையே பார்த்தாள். சிஸ்டரே உள்பக்கத்தைத் திருப்பினார். "இளவேனில். அந்த உத்தமன் பொண்ணுதானே? சரி. நாளைக்குப் பதினோரு மணிக்கு அவர் வர்றார். அதுக்கு முன்னாடி இவ அப்பாவை வரச் சொல்லணும். ஃபீஸ் சலுகையில படிக்கிற பிள்ளை. நடத்தை சரியா இருக்கணும்னு எழுதி வாங்கித்தான் சேர்த்தோம்."

"சிஸ்டர்..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

பதினெட்டுப் படியும் இறங்கி வந்த பிறகுதான், தான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு பிள்ளையைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள்.

மதியம் இளவேனில் லேபுக்கு வந்தாள். பின்னலை முன்னால் போட்டு, நுனியைப் பிய்த்துக்கொண்டே நின்றாள். முகம் வெளிறியிருந்தது. அவளுடைய அப்பா உத்தமன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். பெண்ணின் பேரில் ஒரு சொல் வந்தாலும் படிப்பை நிறுத்தி ஆரணிக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சேர்த்த அன்றே சொன்னவர்.

"அப்பாவை வரச் சொல்லிட்டாங்க மிஸ்."

"தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் மிஸ்."

"எதை?"

"நீங்க வெட்டினதை." அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நான்தான் வெட்டினேன்னு சொல்லிடறேன். எனக்குன்னா திட்டுவாங்க. உங்களுக்குன்னா வேலை போயிடும்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிட்டாங்க."

அல்போன்சா எழுந்துபோய் லேப் கதவைச் சாத்தினாள்.

"ஏழாவதுல ஒருநாள் நான் கீபோர்டு மேல வாந்தி எடுத்துட்டேன், ஞாபகம் இருக்கா மிஸ்? எல்லாரும் பி.டி. பீரியடுக்குப் போயிருந்தாங்க. நீங்களே தொடைச்சீங்க. உங்க கைத்துண்டால. யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா இன்னும் என்னை 'வாந்தி'ன்னுதான் கூப்பிட்டிருப்பாங்க."

அல்போன்சா அதை மறந்தே போயிருந்தாள். துடைத்தது ஐந்து நிமிட வேலை. இந்தப் பிள்ளை அதை இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்திருக்கிறது. இப்போது தன் படிப்பையே அதற்கு ஈடாகக் கொண்டுவந்து நீட்டுகிறது.

"போ. போய்ச் சாப்பிடு" என்றாள். சொல்லியிருக்க வேண்டியது என்னவென்று தெரியும்.

வியாழக்கிழமை காலை அவள் பள்ளி வளாகத்தில் குகை போலக் கட்டியிருந்த மாதா கெபியின் முன்னால் நின்றாள். மழைத் தூறலில் மெழுகுவர்த்திகள் பாதியிலேயே அணைந்துகிடந்தன. என்ன கேட்பது என்று தெரியவில்லை. வேலை போகக் கூடாது என்று கேட்க வாய் கூசியது. 'பேச வாய் குடு' என்று மட்டும் கேட்டாள்.

பதினோரு மணிக்கு சிஸ்டரின் அறையில் ஐந்து பேர். உத்தமன் காக்கிச் சட்டையோடு சுவரை ஒட்டி நின்றார். பக்கத்தில் இளவேனில். சிஸ்டர் நாற்காலியில். எதிரே வந்தவர். சந்திரசேகரன் என்ற பெயரை வைத்து அல்போன்சா மூன்று நாளாக மனதுக்குள் வளர்த்த ஆள் கறுப்புக் கோட்டும் கனத்த குரலுமாக இருந்தார். வந்திருந்ததோ, அறுபதைத் தாண்டிய ஒரு மெலிந்த மனிதர். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, அதிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் விழாதபடி தன் செருப்பின் மேலே பிடித்திருந்தார்.

அவரைப் பார்த்தும் பயம் குறையவில்லை. மெதுவாகப் பேசுகிற ஆளும் போலீஸுக்குப் போகலாம்.

உத்தமன்தான் முதலில் பேசினார். "சார், எம்பொண்ணு ஏதாவது எடுத்திருந்தா மன்னிச்சுடுங்க. தெரியாம பண்ணியிருக்கும். நான் அதை ஊருக்கே அனுப்பிடறேன். இனிமே இந்தக் கம்ப்யூட்டர் பக்கமே வராது."

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க?" என்றார் வந்தவர்.

சிஸ்டர் கையை உயர்த்தினார். "இளவேனில், நீயே சொல்லு. இவரோட பேரை யாரு வெட்டினது?"

"நான்தான் சிஸ்டர்."

உத்தமன் கண்ணை மூடிக்கொண்டார். இளவேனிலின் விரல்கள் பின்னல் நுனியைப் பிய்த்துக்கொண்டே இருந்தன.

"இல்ல சிஸ்டர்" என்றாள் அல்போன்சா. அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "அவ படத்தைக் கொண்டுவந்தா, அவ்வளவுதான். வெட்டினது நான். கிளாஸ்ல எல்லாருக்கும் முன்னாடி, இப்படித்தான் வெட்டணும்னு சொல்லிக் கொடுத்து வெட்டினேன். கீழ என்ன எழுதியிருக்குன்னு படிக்கக்கூட இல்ல."

சிஸ்டர் அவளையே பார்த்தார். "நேத்து நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு சிஸ்டர்."

வந்தவர் நாற்காலியில் நெளிந்தார். தன்னால் இவ்வளவு நடக்கிறது என்பது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "அம்மா, நான் என்ன போலீஸையா கூட்டிட்டு வந்திருக்கேன்? திங்கட்கிழமையே ஒரு மெயில் போட்டேன். பதில் வரலையேன்னுதான்..."

சிஸ்டரின் புருவம் உயர்ந்தது. "மெயிலா? எனக்கு ஒண்ணும் வரலையே."

அல்போன்சாவின் முகம் வெளுத்துப்போயிற்று. வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு சிஸ்டரின் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னார்: "சில சமயம் போய்ச் சேராது சிஸ்டர். நான் டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். எனக்குத் தெரியாதா இந்த லைன் எல்லாம்? மழைன்னா போச்சு."

முன்பின் தெரியாத மனிதர். அவர் பெயரை அழித்தவள் அவள். அவர் அவளுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டு, பார்க்காதது போல இருந்தார். அல்போன்சா பேசாமல் இருந்திருந்தால் அந்த வாசல் வழியே வெளியே போயிருக்கலாம். ஆனால் அந்தத் தயவுதான் அவளை நிறுத்தியது. அதட்டியிருந்தால் ஒளிந்திருப்பாள். அவள் கைப்பையைத் திறந்து, ஜெபப் புத்தகத்திலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, சிஸ்டரின் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தாள்.

"வந்தது சிஸ்டர். நான்தான் கொண்டுவரல."

சிஸ்டர் தாளைப் பிரித்துப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு வந்தவரிடம், "பள்ளிக்கூடத்து சார்பில நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்.

சந்திரசேகரன் கையேட்டை எடுத்துக் குருவியைப் பார்த்தார். "இந்தக் குழாயடிக்குப் பதினோரு நாள் காலையில போனேன் சிஸ்டர். நம்ம ஊர்ல இப்ப குருவி எங்க இருக்கு? பதினோராம் நாள்தான் வந்துச்சு. ரிட்டயர் ஆனவனுக்கு வேற வேலை? படத்தை நெட்ல போடறப்பவே, யாரு வேணும்னாலும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், விக்கக்கூட விக்கலாம்னு எழுதித்தான் போட்டேன். அதுக்குன்னு லைசன்ஸ் இருக்கு. கிரியேட்டிவ் காமன்ஸ்னு பேரு. என்னைக் கேக்கவே வேணாம். கீழே இருக்கற அந்த வரியில அதைத்தான் எழுதியிருந்தேன்."

"அப்ப எங்க மேல தப்பே இல்லையா?" என்று உத்தமன் கேட்டார்.

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுங்க. பேரை விடாதீங்கன்னு. அதை மட்டும் வெட்டிட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. "பஸ்ல ஒரு பிள்ளை கையில என் குருவியைப் பார்த்தப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அப்புறம் கீழே பார்த்தேன். வீட்டுக்குப் போய் சாப்பாடு இறங்கல."

அல்போன்சா தலைகுனிந்து நின்றாள். சிறையைப் பற்றி மூன்று நாள் நடுங்கியவளுக்கு, ஒரு மனிதர் சாப்பிடாமல் இருந்திருக்கிறார் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"இளவேனில் பேரை எடுத்துடறோம்" என்றார் சிஸ்டர்.

"வேணாம். அட்டையைச் செஞ்சது அவதானே? எழுத்தை எங்க வெக்கறது, குருவியை எங்க வெக்கறதுன்னு அழகா யோசிச்சிருக்கா. அது இருக்கட்டும். பக்கத்துல என் பேரையும் சேத்துக்கங்க, போதும்." கிளம்பும்போது உத்தமனின் தோளைத் தொட்டு, "ஊருக்கெல்லாம் அனுப்பாதீங்க. நல்ல கண்ணு இருக்கு இந்தப் பிள்ளைக்கு" என்றார். உத்தமன் மகளின் பையை வாங்கி, வகுப்பு வாசல் வரை தானே தூக்கிக்கொண்டு போனார்.

எல்லாரும் போன பிறகு சிஸ்டர் சொன்னார்: "படம் வெட்டினதை விடு. அது தெரியாம செஞ்சது. மெயிலை மறைச்சது தெரிஞ்சு செஞ்சது. நடந்ததை நடந்தபடி ஃபாதருக்கு எழுதணும். உன் நிரந்தர ஆர்டர் விஷயம் இனிமே அவர் கையில."

"எழுதுங்க சிஸ்டர்" என்றாள் அல்போன்சா.

மறுநாள் ஒன்பதாம் வகுப்புக்கு அவள் கம்ப்யூட்டரைப் போடவில்லை. கூரையைப் பார்க்கச் சொன்னாள். லேபில் இருந்த டியூப்லைட்டின் மேல் கறுப்புப் பெயின்டில் 'உபயம்: அன்னம்மாள் குடும்பத்தார்' என்று எழுதியிருந்தது. கோயிலில் ஃபேனுக்கு ஃபேன், பெஞ்சுக்குப் பெஞ்சு அப்படித்தான் எழுதியிருக்கும். யாரும் அதை வியப்பாகப் பார்ப்பதில்லை.

"இந்த வெளிச்சத்துல படிக்கறதுக்கு அன்னம்மாள் வீட்டுல போய் யாராவது பர்மிஷன் கேட்டீங்களா?"

"இல்ல மிஸ்."

"அவங்க கேக்கச் சொல்லல. எல்லாருக்கும்னுதான் குடுத்தாங்க. சரி, இப்ப அந்தப் பேரைச் சுரண்டிட்டு என் பேரை எழுதினா?"

பின்வரிசையிலிருந்து டிரேவர் சொன்னான்: "சுரண்டினா லைட்டு கொஞ்சம் பளிச்சுன்னு எரியும் மிஸ்."

வகுப்பே சிரித்தது. நான்கு நாளில் முதல்முறையாக அல்போன்சாவும் சிரித்தாள். பிறகு சொன்னாள். "அதான் என் கணக்கும். பேரு இல்லாட்டி அட்டை பளிச்சுன்னு இருக்கும்னு வெட்டினேன். வெட்டினது நான். நீங்க யாரும் இல்ல. தேவையில்லாததுன்னு உங்ககிட்ட சொன்னேன் இல்ல? அது தப்பு. அந்த வரியில அவரோட பேரும், எடுத்துக்கலாம்னு அவர் குடுத்த அனுமதியும் இருந்துச்சு."

அன்று முழுப் பாடமும் அதுதான். நெட்டில் கிடப்பதெல்லாம் கேட்பாரற்றுக் கிடப்பது இல்லை, ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் செய்திருக்கிறார் என்றாள். எடுத்துக்கொள் என்று சிலர் எழுதியே வைத்திருப்பார்கள். சிலர் எடுத்துக்கொள், விற்காதே என்பார்கள். சிலர் மாற்றாதே என்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படிக்க வேண்டும். ஒன்றுமே எழுதவில்லை என்றால் அது இலவசம் என்று அர்த்தம் இல்லை, கேட்க வேண்டும் என்று அர்த்தம். 'நன்றி: இன்டர்நெட்' என்று இனி யாரும் எழுதக் கூடாது. நன்றி ஒரு ஆளுக்குத்தான் சொல்ல முடியும்.

பிள்ளைகள் கையேடுகளை வகுப்பு வகுப்பாகச் சேகரித்துக் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு உட்கார்ந்து, ஒவ்வொரு குருவிக்கும் கீழே மையால் 'படம்: சந்திரசேகரன்' என்று எழுதியது. கூடவே அந்த லைசன்ஸின் பெயரையும். இளவேனில் எழுதியது மட்டும் இருநூறுக்கு மேல். விரல் வீங்கிப்போய், "பேரு கொஞ்சம் சின்னதா இருந்திருக்கலாம் மிஸ்" என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் மெயிலைத் திறந்தபோது, தாளாளர் அலுவலகத்திலிருந்து ஒன்று வந்திருந்தது. தலைப்பில் அவளுடைய பெயர். படிக்க ஒரு சொடுக்கு போதும். இல்லாமல் செய்யவும் ஒரு சொடுக்கு போதும். திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அச்சுக்குக் கொடுத்தாள். வந்த தாளை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். மடிக்கவில்லை. கண்ணாடிக் குண்டைத் தூக்கி அதன் அடியில் வைத்தாள்.

"இங்கேயே இரு" என்றார் சிஸ்டர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அல்போன்சா ஜன்னல் வழியே கெபியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உட்காரு அல்போன்சா."

ஆறு வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் நிரந்தரம் இல்லைன்னுட்டார். இன்னும் ஒரு வருஷம் பார்க்கணுமாம்." சிஸ்டர் தாளைக் கீழே வைத்தார். "வேலையை விட்டு எடுக்கச் சொல்லல. எழுதறப்ப நான் ஒரு வரி சேர்த்தேன். கேக்காமலேயே அந்தத் தாளைக் கொண்டுவந்து வெச்சான்னு. அது உண்மைதானே?"

அல்போன்சா தலையசைத்தாள். இன்னும் ஒரு வருடம். இன்னும் ஒரு மே மாதம், இன்னும் ஒரு ஜூன். பயம் அவளை விட்டுப் போகவில்லை, பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தது போல இருந்தது. படி இறங்கும்போது, இரண்டு வாரமாக வராத ஜெபம் ஒன்று தானாக உதட்டில் வந்தது.

லேப் வாசலில் இளவேனில் காத்திருந்தாள். சுவர்ப் பத்திரிகைக்காக ஒரு ஏரிப் படத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"மிஸ், இதுல கீழே ஒண்ணுமே எழுதலையே. எடுக்கலாமா?"

"எழுதலைன்னா?"

"கேக்கணும்." அவள் தயங்கினாள். "யாருன்னே தெரியாதவங்க மிஸ். இங்கிலீஷ்ல எழுதணும். தப்பா எழுதினா சிரிப்பாங்களோன்னு பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் அல்போன்சா. பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுது. முதல்ல வணக்கம் சொல்லு."